நாலு கிலோ குறைச்சல்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில், சிறுமலைக்குப் பாதை பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊரில் போய்ப் புவனேஸ்வரியைப் பற்றிக் கேட்டால், முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். புருஷனோடு சண்டை போடுவதற்கென்றே வண்டியில் ஏறி மலைக்குப் போய் வருகிறவள் என்பார்கள். பொய்யில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிற அந்தக் குட்டியானை வண்டியில், ஓட்டுகிற ஆண்டிச்சாமிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் அவனை வைகிற வசவு பின்னால் வருகிற பஸ்ஸுக்குக் கேட்கும். அவனும் லேசுப்பட்ட ஆளில்லை. பதிலுக்குப் பதில் கத்திக்கொண்டேதான் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்புவான். ஊர் பார்த்துச் சிரித்தது. எதற்காக இந்தச் சண்டை என்று ஒரு ஆளாவது நின்று கேட்டிருந்தால் சங்கதி தெரிந்திருக்கும். கேட்க யாருக்கு நேரம்?

சங்கதி இதுதான்: ஆண்டிச்சாமிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்துவிடும். குடிக்கிற பழக்கம் கிடையாது. சோம்பேறியும் இல்லை. உடம்புதான் காரணம். கல்யாணமான புதிதில் எழுபது கிலோ இருந்த மனுஷன், இருபது வருஷம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே நூற்றுப் பதினெட்டில் வந்து நின்றான். வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டது. கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாமல் போயிற்று. படுத்தால் தகரக்கூரை அதிர்கிற குறட்டை. அது போதாதென்று நடுநடுவே மூச்சு அப்படியே நின்றுவிடும். புவனேஸ்வரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, வருகிறதா வருகிறதா என்று பார்ப்பாள். கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவனைப் போல ஒரு திணறலோடு மறுபடி மூச்சு வரும். ராத்திரியெல்லாம் இப்படி அரையும் குறையுமாகத் தூங்குகிறவனுக்குப் பகலில் கண் சொக்காமல் என்ன செய்யும்?

அவள் அப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்தவளிடம் அவன் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னான். நாலாவது வளைவில் செத்த நேரம் கண் அசந்துவிட்டதாம், தடுப்புச் சுவர் எழுந்து வந்து அவனை எழுப்பிவிட்டதாம். வண்டியின் இடது பக்கம் முழுக்கத் தகரம் உரிந்து கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் மில்லுக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், இறங்கவில்லை.

தூங்காமல் வைப்பது சாமான்யமான வேலையில்லை. டீ வாங்கிக் கொடுத்தாள், பாட்டுப் போட்டாள், தலையில் தண்ணீர் தெளித்தாள், ஊர்க்கதையெல்லாம் சொன்னாள். கதை கேட்டால் அவனுக்கு இன்னும் நன்றாகத் தூக்கம் வந்தது. ஒரு நாள் எதேச்சையாக, ஆயக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிற அவன் அக்காளைப் பற்றி வாயை விட்டாள். அப்பன் காட்டை விற்றபோது அந்த அக்காள் தம்பியை ஏமாற்றி இரண்டு பங்கு வாங்கிப் போனவள்தானே என்றாள். அவ்வளவுதான், மனுஷன் பொங்கி எழுந்துவிட்டான். மார்க்கெட் வந்து தாரை இறக்குகிற வரைக்கும் அவன் கண்ணில் தூக்கத்தின் சாயலே இல்லை. புவனேஸ்வரிக்கு வழி கிடைத்துவிட்டது.

அதிலிருந்து சண்டைதான் அவள் தொழில். மேல் வளைவுகளுக்கு அக்காள். கீழ் வளைவுகளுக்கு, செத்துப்போன மாமியார் வைத்த ரசம். சமதளத்துக்கு வந்த பிறகு, அவன் கடன் கொடுத்து ஏமாந்த சிநேகிதர்கள் ஒவ்வொருவராக. எதைச் சொன்னால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்கு அத்துபடி. லோடு இறக்கிய பிறகு இரண்டு பேரும் மார்க்கெட் ஓரத்து இட்லிக் கடையில் ஒரே இலையில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். அவன் அவளுக்குச் சட்னி ஊற்றச் சொல்வான். அங்கே பார்த்தவர்களால் அந்தக் காலைநேரத்துச் சண்டையை நம்ப முடியாது. ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டுதான் இருந்தது. உயிரை வைத்திருக்கிற மனுஷனைப் பொழுது விடிந்தால் வைய வேண்டியிருக்கிறதே என்று அடுப்பங்கரையில் அழுவாள். மறுநாள் மறுபடி ஏறி உட்கார்ந்து வைவாள்.

எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும்? டாக்டரிடம் காட்டச் சொல்லி அவள் நச்சரித்தாள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடக்கச் சொன்னார்கள், சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருஷம் இழுத்தடித்தும் எடை இறங்குவேனா என்றது. அதற்குப் பிறகுதான் டாக்டர், வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்துவிடுகிற ஒரு ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். செய்தால் எடை மளமளவென்று இறங்கும், தூக்கமும் சரியாகும் என்றார். செலவு நாலரை லட்சம். வண்டியை விற்றால்தான் அந்தப் பணம். வண்டியை விற்றுவிட்டு உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போதுதான் அவளுக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது. ஆண்டிச்சாமியின் சித்தப்பா மகன் முருகேசன், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு பாலிசி ஏஜெண்டாகவும் இருந்தான். அவன் தொல்லை தாங்காமல் குடும்பத்துக்கு என்று ஒரு மருத்துவ பாலிசி எடுத்திருந்தார்கள். வருஷா வருஷம் பணம் கட்டும்போதெல்லாம் ஆண்டிச்சாமி முருகேசனைக் கரித்துக் கொட்டுவான். இப்போது அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் பார்க்கிற மேஜைக்குப் போனார்கள். அங்கே இருந்த சகாயசெல்வி திண்டுக்கல்காரப் பெண்தான். ஊர்ப் பேச்சு கேட்டதும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

அழகுக்காக எடை குறைப்பதற்கெல்லாம் கம்பெனி பணம் தராது. உயிருக்கு ஆபத்து என்றால்தான் தரும். அந்த ஆபத்தை எப்படி அளப்பார்கள் என்றால், உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு கணக்குப் போடுவார்கள், அதில் நாற்பது வர வேண்டும். ஆண்டிச்சாமியின் உயரத்துக்கு நூற்றுப் பதிமூன்று கிலோ இருந்தால் நாற்பது வந்துவிடும். முப்பத்தைந்துக்கு மேலே நாற்பதுக்குக் கீழே என்றால், எடையால் வந்த பெரிய வியாதி ஏதாவது கூட இருக்கிறதென்று டெஸ்ட் எடுத்துக் காட்ட வேண்டும். "உங்களுக்கு அது தேவையே இல்லண்ணே, நீங்க நூத்திப் பதினெட்டு. நேரடியாவே கிடைச்சிரும்" என்றாள் சகாயசெல்வி. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பாலிசி எடுத்து மூன்று வருஷம் முடிந்திருக்க வேண்டும், இவர்களுக்கு மாசியில்தான் முடிகிறது. அப்போது கார்த்திகை மாசம். மாசியில் வாருங்கள், அன்றைக்கே எழுதி அனுப்பிவிடலாம் என்று சொல்லி அனுப்பினாள். ஆண்டிச்சாமி ஆயுசில் முதல் தடவையாகத் தன் தொப்பையைத் தடவிப் பெருமைப்பட்டான்.

இங்கேதான் புவனேஸ்வரி அந்தக் காரியத்தைச் செய்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சீமையில் எந்தப் பொம்பளையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். மதுரையிலிருந்து திரும்புகிற பஸ்ஸிலேயே கண்ணை மூடிக்கொண்டு பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். ஒரு தடங்கலும் இல்லாமல் இன்சூரன்ஸ் கிடைக்க வேண்டும், என் புருஷன் மாலை போட்டு, ஒரு மண்டலம் விரதம் இருந்து, தைப்பூசத்துக்கு நடந்து வந்து உன் படியேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறுவான் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆண்டிச்சாமி திகைத்துப் போனான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு பழனிக்கு நடப்பதா என்றான். சாமிக்குச் சொன்னது சொன்னதுதான், நடக்க வைப்பது அவன் பொறுப்பு என்று அவள் மேலே கையைக் காட்டினாள்.

நடந்தான்! பச்சை வேட்டி கட்டி, மாலை போட்டு, பகலில் ஒரு வேளைச் சோறு, ராத்திரிக்கு இரண்டு பழம் என்று இருந்தான். கறி, மீன், முட்டை, பரோட்டாக் கடை எதன் பக்கமும் தலை வைத்துப் படுக்கவில்லை. டாக்டர் ஒரு வருஷம் சொல்லிக் கேட்காத வயிறு சாமிக்குக் கேட்டது. வீட்டுத் தெருவிலேயே காலையும் மாலையும் செருப்பில்லாமல் நடந்து பழகினான். தை பிறந்து ஊர்க்கூட்டத்தோடு கிளம்பியபோது அவன் முகமே வடிந்து வேறு முகமாக இருந்தது. ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்வதற்குள் பாதம் கொப்புளம் கொப்புளமாக வெடித்துவிட்டது. கூட வந்தவர்கள் ரோட்டோரம் உட்கார வைத்துக் காலைப் பிடித்துவிட்டார்கள். புவனேஸ்வரியும் கூடவே நடந்தாள். அன்றைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரும் வரிசையாகப் படுத்துத் தூங்கியபோது, அவன் மூச்சை அவள் வழக்கம்போலக் கவனித்தாள். நிற்கவில்லை. கொஞ்சம் குறட்டை இருந்தது, ஆனால் மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அவள் சந்தோஷத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆயக்குடியில் இன்னொன்று நடந்தது. கொய்யாப்பழக் கூடைகளுக்கு நடுவே, வருகிற பாதயாத்திரைக்காரர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி ஆண்டிச்சாமியைப் பார்த்ததும் சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் அக்காள்தான். தம்பியின் காலைப் பார்த்துவிட்டு அந்த நடுரோட்டில் உட்கார்ந்து மஞ்சள் தண்ணீரால் கழுவிவிட்டாள். புவனேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, என் தம்பியை நீதான் உயிரோடு வைத்திருக்கிறாய் என்று அழுதாள். அதற்குப் பிறகு அந்த நாத்தனாரை இழுத்துச் சண்டை போட இவளுக்கு நாக்கு எழவில்லை. மேல் வளைவுகளுக்கு வேறு சண்டை தேட வேண்டியதாயிற்று.

மாசியில் மதுரைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மிஷினில் ஏறி நின்றான். நூற்று ஒன்பது.

மிஷினில் நின்றபடியே ஆண்டிச்சாமி சகாயசெல்வியைப் பார்த்துச் சிரித்தான். விரதம் இருந்தோம், பழனிக்கு நடந்தே போய் வந்தோம் என்று பெருமையாகச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்து ஒரு தரம் போட்டாள், மறுபடியும் ஒரு தரம் போட்டாள். புவனேஸ்வரி அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள்.

"நாலு கிலோ குறைச்சலா இருக்குதுக்கா" என்றாள் சகாயசெல்வி.

எடையைக் குறைக்க வேண்டும் என்று ஆபரேஷனுக்குப் போனவனை, எடை குறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? கார்த்திகையில் பார்த்த எடையை எழுதி அனுப்பக் கூடாதா என்று புவனேஸ்வரி கெஞ்சினாள். சகாயசெல்வி நல்ல பெண். அப்போதே கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டாள். விண்ணப்பிக்கிற நாளில் என்ன எடையோ அதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். குறைந்த எடை இதோடு நிற்காது, இப்படியே இறங்கிவிடும் அல்லவா என்று ஆண்டிச்சாமி டாக்டரிடம் கேட்டான். டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். விரதத்தில் இறங்கியது வேகமாக ஏறிவிடும், இந்த எடையிலும் தூக்கத்தில் ஆபத்து போகவில்லை, ஆபரேஷன்தான் வழி என்றார்.

இன்னொரு வழியும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைப்பார்கள். மூச்சு எத்தனை தடவை நிற்கிறது என்று மிஷின் காட்டிக்கொடுக்கும். கடுமை என்று வந்தால் நாற்பது வேண்டியதில்லை, இப்போது இருக்கிற எடையே போதும். சகாயசெல்வி இதைச் சொன்னதும் புவனேஸ்வரிக்கு உயிர் வந்தது. ஆண்டிச்சாமி எழுந்து வெளியே போய்விட்டான். அவள் பின்னாலேயே போனாள். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றிருந்தான்.

"தூங்குற வியாதிக்காரன்னு காகிதத்துல எழுதிட்டா அப்புறம் எவன் எனக்கு லோடு குடுப்பான்? லைசென்சயே புடுங்கிட்டா என்ன பண்ணுவ? டிரைவருக்கு அந்தப் பேரு மட்டும் வரக் கூடாது புவனா. நாலு கிலோ தான? நான் தின்னு ஏத்திக்கிறேன்" என்றான்.

எனக்கு இந்த இடத்தை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது. இரண்டு வருஷமாகத் தினமும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அவனோடு மல்லுக்கு நின்றவள், ஊரே கேட்கக் கத்தியவள், சண்டை போட்டே ஆக வேண்டிய இந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். அவன் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. வண்டிதானே சோறு போடுகிறது? மகள் பவித்ரா திண்டுக்கல்லில் காலேஜில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு கிலோதானே என்றுதான் அவளும் நினைத்தாள். உள்ளே போய்ச் சொன்னபோது சகாயசெல்வி, டெஸ்ட் எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்று திரும்பவும் சொன்னாள். அவர்கள் அசையவில்லை என்றதும், அப்படியானால் நூற்றுப் பதிமூன்றைத் தாண்டியதும் எனக்குப் போன் பண்ணுங்கள் என்று நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

அதிலிருந்து புவனேஸ்வரி அவனுக்கு ஊட்ட ஆரம்பித்தாள். காலையில் நெய் ஊற்றிப் பொங்கல். மத்தியானம் கறி வெஞ்சனம் இல்லாமல் சோறு கிடையாது. ராத்திரி பரோட்டா, அதற்கு மேல் ஒரு சொம்பு பால். வாரத்தில் இரண்டு நாள் டவுனிலிருந்து பிரியாணி வந்தது. விரதத்தில் சுருங்கிப்போன வயிறு ஏற்றுக்கொள்ள மறுத்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி உட்காருவான். அவள் பிசைந்து உருட்டிக் கையில் கொடுப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் பவித்ரா இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா, நீ அப்பாவ காப்பாத்துறியா, கொல்றியா?" என்று கேட்டாள். புவனேஸ்வரி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவன் அதைத் தானாகவே எடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

டாக்டர் சொன்னது சரிதான், ஏறுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. எடையோடு சேர்ந்து எல்லாமே திரும்பி வந்தது. குறட்டை வந்தது, திணறல் வந்தது. முன்னைவிட அதிக நேரம் மூச்சு நின்றது. இந்தத் தடவை அவள் படுப்பதையே விட்டுவிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நின்றால் தோளைப் பிடித்து உலுக்குவாள். விடியலில் அவன் கூட வண்டியில் ஏறுவாள். மலையிலும் அவன் தலை அடிக்கடி சாய ஆரம்பித்தது. சண்டைக்கும் சரக்குத் தீர்ந்துவிட்டது. அக்காளைப் பேச முடியாது. மாமியார் ரசத்தைப் பேசினால் அவனுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. போதாததற்கு அவன் இளைத்துப்போன அவள் முகத்தைப் பார்த்து, கோபப்படுவதற்குப் பதிலாக இரக்கப்பட ஆரம்பித்திருந்தான். நீ மில்லுக்கே போயிருக்கலாம் புள்ள, என்னைக் கட்டிக்கொண்டு என்னத்தைக் கண்டாய் என்பான். இரக்கத்தில் தூக்கம் போகுமா?

வைகாசியில் நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, அரைக் கிலோதான் பாக்கி. அவள் சகாயசெல்விக்குப் போன் பண்ணினாள். அடுத்த வாரம் வாருங்கள், வருகிற அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரும் நிறையக் குடித்துவிட்டு வாருங்கள் என்றாள் அவள். இன்னும் ஒரு வாரம்தான். ஆண்டிச்சாமி அந்த வாரம் லோடு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மலையில் பலாப்பழச் சீசன், வாழையும் சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு மாசம் வண்டி ஓடாது, இப்போதே ஓட்டிக்கொண்டால்தான் உண்டு என்று எல்லா லோடையும் ஒத்துக்கொண்டான். புவனேஸ்வரியும் தடுக்கவில்லை. ஒரு வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிடலாம் என்றிருந்தாள்.

அன்றைக்கு மலையில் லேசான தூறல். லோடு ஏற்றிக் கிளம்பியதும் அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். எதை வைத்து ஆரம்பித்தாள் என்பதுகூட அவளுக்கு இப்போது ஞாபகமில்லை. அவன் கையை நீட்டி அவள் முழங்காலில் வைத்தான்.

"இன்னிக்குச் சண்ட வேணாம் புள்ள. பேசாம வா. எனக்குத் தூக்கமே இல்ல" என்றான்.

அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண் நன்றாகத்தான் திறந்திருந்தது. ஆபரேஷன் முடிந்ததும் பழைய சட்டைகளை எல்லாம் போடலாம் இல்லையா என்று கேட்டான். போடலாம் என்றாள். முதல் இரண்டு வளைவு அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. பல ராத்திரியாகத் தூங்காத கண்.

எழுந்தபோது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போய்க் கீழே ஒரு பாறையில் மோதி நின்றிருந்தது. பலாப்பழங்கள் பாறையெல்லாம் உடைந்து கிடந்தன. அவளுக்கு ஒரு கை ஒடிந்திருந்தது, நெற்றி கிழிந்திருந்தது. அவன் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே நசுங்கிப் போயிருந்தான். கூப்பிட்டுப் பார்த்தாள். தோளைப் பிடித்து, ராத்திரி உலுக்குகிற மாதிரியே உலுக்கினாள். மூச்சு வரவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி வந்து அவளை வெளியே இழுத்தார்கள். அப்போதுதான் தன் தலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்தாள். அவன் தோளில் கிடக்கிற துண்டு. நாலாக மடித்து, அவள் கன்னத்துக்கு இடிக்காமல் வைத்திருந்தான். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் வைத்திருக்க வேண்டும்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு முருகேசன் வந்தான். கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான். மருத்துவ பாலிசி வேறு, வண்டி பாலிசி வேறு. வண்டி பாலிசியில், வண்டிக்குச் சொந்தக்காரனே ஓட்டிப்போய் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. பதினைந்து லட்சம். அண்ணன் அதைத் தவறாமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். போஸ்ட்மார்ட்டம் காகிதமும் போலீஸ் காகிதமும் வந்துவிட்டன, இவள் கையெழுத்துப் போட்டால் மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். பவித்ரா படிப்பை முடித்துவிடலாம், கல்யாணத்துக்கும் ஆகும் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"ஒண்ணு மட்டும் மதினி. கம்பெனியில இருந்து ஆள் வந்து கேட்டா, அண்ணன் தூங்கிட்டாருன்னு மட்டும் சொல்லிறாதீங்க. மழையில வழுக்கிருச்சுன்னு சொல்லுங்க. எதுக்கு வீண் வம்பு" என்றான்.

"அவரு தூங்கினத நான் எங்க தம்பி பாத்தேன்? நான்ல தூங்கிட்டேன்" என்றாள் புவனேஸ்வரி. "நான் தூங்குறத அவரு பாத்துருக்காரு. பாத்துட்டு, எழுப்ப மனசில்லாம துண்ட மடிச்சு வச்சிருக்காரு. ஒரு தட்டுத் தட்டியிருந்தா எந்திரிச்சிருப்பேன்."

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது மதினி, விதி என்று ஏதோ முணுமுணுத்தான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் நீட்டிய காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவித்ரா கதவோரம் வந்து நின்றாள்.

"பதினஞ்சு லட்சமா தம்பி?"

"ஆமா மதினி."

"இதுக்கு எம்புட்டு எடை இருக்கணும்?"

முருகேசனுக்குப் புரியவில்லை. என்ன மதினி என்றான்.

"இல்ல, அன்னைக்கு நாலரை லட்சத்துக்கு நாலு கிலோ குறையுதுன்னு திருப்பி விட்டாங்க. அப்புறம் நான் ஊட்டி ஊட்டி ஏத்துனேன். போகையில நூத்திப் பன்னெண்டரை இருந்தாரு. அது போதுமான்னு கேக்குறேன்."

முருகேசன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினான். வலது கை ஒடிந்திருந்ததால் அவள் இடது கைப் பெருவிரலை நீட்டினாள். பவித்ரா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அதில் மையைத் தடவிவிட்டாள்.